அட்டையை எடுத்து வையுங்கள், பருப்பு கடையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டேகால் வயது. இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாள். பட அட்டையைக் காட்டி "இது என்ன, சொல்லு" என்றால் எழுந்து ஓடிவிடுகிறாள். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்குத் தமிழ் மட்டும்தான். இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும், ஆங்கிலம் போதும் என்கிறார்கள். என்ன செய்வது? – ஒரு தாய், ஈசூன்

பதில்: அட்டைகளை ஓரமாக எடுத்து வையுங்கள் அம்மா. "இது என்ன, சொல்லு" என்பது பரீட்சை, அவள் ஓடுவதில் தப்பே இல்லை.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கும் பிள்ளைகளும் இரண்டு மொழி கற்றுக்கொள்கிறார்கள். அவளுக்கு வேண்டியது நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சரளமாகப் பேச ஓர் ஆள், அது உங்கள் மாமியார்தான். அவர் வாயைக் கட்டிவிட்டால் பகல் முழுக்க அவள் காதில் என்ன விழும்? சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற பயமும் வேண்டாம், சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கத்தில் வகுப்புகள் உண்டு.

சரி, விளையாட்டுக்கு வருவோம். மாமியாரை அவள் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடையச் சொல்லுங்கள், தாத்தாவுக்குக் கொஞ்சம், பாட்டிக்குக் கொஞ்சம் என்று ஊட்டிவிட்டு, "நண்டூருது, நரியூருது" என்று விரல் கையில் ஏறி, அக்குளுக்கு ஒரு சாண் இருக்கும்போது அப்படியே நின்றுவிட வேண்டும். பேசக்கூடாது. மனசுக்குள் பத்து வரை எண்ணலாம். அவள் முகத்தைப் பார்ப்பாள், தோளைத் தூக்குவாள், "ஊ" என்பாள். அந்த "ஊ"தான் பேச்சு. "ஊருதா? நண்டு ஊருது!" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுத்துக் கிச்சுகிச்சு மூட்டுங்கள். பெரியவர்கள் நமக்குப் பொறுமை இல்லாமல் நாமே முடித்துவிடுவதுதான் சிக்கல்.

கருவி நம் குரலோடு டிவி சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். டிவியை அணைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் முகம் பார்த்துப் பேசுங்கள். உணவங்காடி இரைச்சலில் எதையும் கற்றுத்தரப் பார்க்காதீர்கள். லிஃப்டுக்கு நிற்கும்போது "டிங்" என்றதும் உங்கள் காதைத் தொட்டு, "கேட்டுச்சா? லிஃப்ட் வருது!" என்று சொல்லுங்கள், கதவு அப்புறம் திறக்கட்டும். குளிக்கும்போது கருவி இருக்காது, அப்போது முகமும் கையும்தான் பேச வேண்டும்.

காலையில் கருவி மாட்டியதும் பக்கவாட்டில் உட்கார்ந்து, உதடு தெரியாமல் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் அவள் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சில் வருவதெல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கும். வழக்கமாகப் போடுகிறவள் ஒருநாள் ஸ், ஷ் இரண்டுக்கும் சும்மா இருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், காதுக்குள் வைக்கும் அச்சில் குறும்பி அடைத்திருக்கிறதா பாருங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் அன்றைக்கே செவித்திறன் நிபுணரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.