500 ரூபாய் நைட்டிக்கு 314 ரூபாய்தான் வருகிறதா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே காட்டன் நைட்டி தைத்து ஆன்லைன் தளம் ஒன்றில் விற்கிறேன். ஜிஎஸ்டி எண் இருக்கிறது. அடக்க விலை 240 ரூபாய். 500 ரூபாய்க்கு விற்றால் 314 ரூபாய்தான் வங்கிக்கு வருகிறது. பத்து அனுப்பினால் இரண்டு திரும்பி வந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் போக வர 140 ரூபாய் பிடிக்கிறார்கள். சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்களோ என்ற ஆதங்கமும் இருக்கிறது. கமிஷன் வாங்காத தளத்துக்கு மாறலாமா, ஆன்லைனையே விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் நீங்கள் அனுப்பிய செட்டில்மென்ட் தாளை, அதாவது தளம் எதெதற்கு எவ்வளவு பிடித்தது என்ற கணக்கைப் பார்ப்போம். கமிஷன் 60, நிலையான கட்டணம் 25, டெலிவரி 70. ஆக 155 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27.90. பிறகு ஜிஎஸ்டி கணக்கில் தளம் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் 2.38, வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 48 பைசா.

இதில் உண்மையில் உங்கள் கையை விட்டுப் போனது அந்த 155 மட்டும்தான். 27.90 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு. தளம் தரும் கமிஷன் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால், நைட்டிக்கு நீங்கள் கட்ட வேண்டிய 5 சதவீத வரியில், அதாவது 23.81 ரூபாயில், இதைக் கழித்துக்கொள்ளலாம். டிசிஎஸ் 0.5 சதவீதமும் உங்கள் பணம்தான். ஆனால் அது தானாக வந்து சேராது. ஜிஎஸ்டி தளத்தில் ‘டிடிஎஸ், டிசிஎஸ் வரவு’ பகுதிக்குப் போய் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் ரொக்கக் கணக்கில் ஏறும். மாதக்கணக்கில் இதைத் தொடாமலே விட்டுவைத்திருக்கும் சிறு விற்பனையாளர்கள் நிறைய பேர். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. டிடிஎஸ் 0.1 சதவீதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், 500இல் 155 ரூபாயும் நைட்டிக்கான வரி 23.81 ரூபாயும் போக, நைட்டிக்கு 321 ரூபாய் நிற்கிறது. அடக்கம் போக 81 ரூபாய் லாபம்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? ரிட்டர்னில்தான். பத்து பார்சலில் எட்டு விற்றால் லாபம் 648. திரும்பிய இரண்டுக்கும் 280 போனால் மீதி 368. விற்ற ஒவ்வொன்றுக்கும் 46 ரூபாய்தான். திரும்பி வந்ததில் ஒன்று கறையோடு வந்து மறுபடி விற்க முடியாமல் போனால் இன்னொரு 240 போய், நைட்டிக்கு வெறும் 16 ரூபாய். அதனால்தான் கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தளம் மாறாதீர்கள் என்கிறேன். மீஷோ 2021இலேயே கமிஷனை எடுத்துவிட்டது. அமேசானும் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழான ஏராளமான பொருட்களுக்கு எடுத்தது. ஆனாலும் டெலிவரி, ரிட்டர்ன் செலவு எங்கே போனாலும் உண்டு.

அடுத்தது எடை. நைட்டி 300 கிராம்தான் இருக்கும், ஆனால் பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் கணக்கிடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீங்கள் 30, 25, 4 அளவில் கட்டுகிறீர்கள். அது 600 கிராம் ஆகிறது, அரைக் கிலோ வரம்பைத் தாண்டிவிடுகிறது. இறுக்கி மடித்து 28, 22, 4 என்று கட்டினால் 493 கிராம். அதே நைட்டி, கீழ்ப் படிக் கட்டணம். அளவு டேப்பும் தராசும் தெரிகிற மாதிரி பார்சலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தவறாகப் போட்டிருந்தால் ஆட்சேபிக்க அதுதான் ஆதாரம்.

ரிட்டர்ன் பார்சலை முகவரிச் சீட்டு தெரிய, பிரிப்பதற்கு முன்பிருந்தே வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். கழுத்துப் பட்டிக்கு வெளியே, அறுத்தால் ஒட்ட முடியாத டேக் ஒன்று போடுங்கள். மாற்றுப் பொருளோ உடுத்திய துணியோ வந்தால் அன்றைக்கே க்ளெய்ம் போட்டுவிடுங்கள். இதற்கான கெடு குறுகியது, தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

பாரபட்சம் காட்டுகிறார்கள் என்ற உங்கள் ஆதங்கம் வெறும் சந்தேகம் இல்லை. சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்படுகிறது என்ற புகாரின் பேரில் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி, ஒரே வகைப் பொருள் விற்பவர்களுக்கிடையே வேறுபாடு காட்டினால் அதைத் தளம் தன் ஒப்பந்த நிபந்தனைகளில் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, உங்களுக்குப் பொருந்தாததை எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்கு மதிப்பே கிடையாது.

சரி, ரிட்டர்னை எப்படிக் குறைப்பது? உங்கள் பக்கத்தில் எம், எல், எக்ஸ்எல் என்று மட்டும்தான் இருக்கிறது. மார்புச் சுற்றளவும் நீளமும் அங்குலத்தில் போடுங்கள். நைட்டியை விரித்து மேலே டேப் வைத்து ஒரு படம் சேருங்கள். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் எழுதுங்கள். பத்துக்கு ஒன்று என்று குறைந்தாலே லாபம் நைட்டிக்கு 65 ஆகிவிடும். மூன்று மாதம் மாடல் வாரியாகக் கணக்கு வையுங்கள். அப்புறமும் 40 ரூபாய்க்குக் கீழே நிற்கிற மாடலை மட்டும் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் ஊர் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையின் மொத்த வியாபாரிகளிடம் விலை கேளுங்கள்.