கண்ணாடிப் பெட்டியா, மடியா?

கேள்வி: பிரபல கிட்டார் கலைஞர் ஒருவர் என் அக்கூஸ்டிக் கிட்டாரின் முன்பலகையில் கறுப்பு மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் பாதி மங்கிவிட்டது. மேலே வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் காலத்துக்கும் நிற்கும் என்கிறார் நண்பர். அடிக்கலாமா? தினமும் வாசிக்கும் கிட்டார் அது. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: முதலில் நண்பரிடமிருந்து அந்த ஸ்பிரே டப்பாவைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள். மார்க்கர் மையில் இருப்பது ஆல்கஹால் வகைக் கரைப்பான். ஸ்பிரேயிலும் கரைப்பான்தான். ஈரமாக ஒரு கோட் விழுந்தால் காய்ந்த மை மறுபடி இளகி ஓடும். கையெழுத்து இருந்த இடத்தில் கறை இருக்கும். கிட்டார் செய்பவர்கள் இதைச் செய்யாமல் இல்லை. தள்ளிப் பிடித்து, பட்டும் படாமலும் தூவி, நன்றாகக் காயவிட்டு, திரும்பத் தூவுவார்கள். அதற்கும் முன்னால் அதே பூச்சுள்ள வேறொரு மரத்துண்டில் அதே மார்க்கரால் கிறுக்கிச் சோதித்துப் பார்ப்பார்கள். உங்கள் நண்பருக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மங்கியதற்கு இரண்டு பேர் காரணம்: வெளிச்சமும் உங்கள் வலது கையும். சாதாரண மார்க்கரின் மை சாயம். தண்ணீருக்கு அசையாது, வெயிலுக்கு வெளுக்கும். ஜன்னல் கண்ணாடி போதும் என்று நினைக்காதீர்கள், புறஊதாக் கதிரில் பெரும்பகுதி அதைத் தாண்டி உள்ளே வரும். பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சுக்குள் மை இறங்குவதுமில்லை, மேலேயே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் தினமும் வியர்த்த முன்கையை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும்?

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1969இல் 750 டாலருக்கு வாங்கிய, மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல். ‘ட்ரிகர்’ என்று பெயர் வைத்தார். நைலான் தந்தி கிட்டார் என்பதால் பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு என்ற தகடு கிடையாது. தந்தியை மீட்டும் பிக்கும் விரலும் பட்டுப் பட்டுப் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதே பலகையில் நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆரம்பித்து வைத்தவர் இசைக்கலைஞர் லியோன் ரஸ்ஸல். தன் கிட்டாரில் கையெழுத்துக் கேட்டு நெல்சனிடம் வந்தார். நெல்சன் மார்க்கரை எடுத்ததும், அது வேண்டாம், கீறியே எழுதுங்கள், பின்னாளில் மதிப்புக் கூடும் என்றார் ரஸ்ஸல். யோசனை பிடித்துப்போக, நெல்சன் தன் கிட்டாரிலும் ரஸ்ஸலைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாசிக்கிற கருவியில் கையெழுத்து நிற்க வேண்டும் என்றால் அதுதான் நேர்மையான வழி. உங்கள் கலைஞரிடம் ஆணியை நீட்ட உங்களுக்குத் துணிச்சல் வந்திருக்காது, அது வேறு விஷயம்.

இனி யாரிடமாவது வாங்கினால் தலைப்பகுதியின் பின்புறத்தில் வாங்குங்கள். கை அதிகம் படாது. எழுதும் முன் அந்த இடத்தில் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும். சாய மையைவிட நிறமி கலந்த பெயின்ட் மார்க்கர் வெளிச்சத்தை அதிகம் தாங்கும். எலெக்ட்ரிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி, பிக்கார்டில் வாங்கிக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, வேறொன்றைப் பூட்டி வாசிக்கலாம். டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் மாடலில் இது சில ஸ்க்ரூ வேலை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளே அந்தத் தகட்டில்தான் தொங்குகின்றன. ஒயரைக் கழற்றித் திரும்பப் பற்றவைக்க ஆள் தேவை.

இருப்பதைக் காப்பாற்ற: இன்றே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். வாசிக்காதபோது பெட்டிக்குள் போகட்டும். அந்த இடத்தில் பாலிஷ் கூடாது, ஒட்டுத்தாளும் கூடாது. உரிக்கும்போது மையும் சேர்ந்து வரும். முன்கை பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்க விளிம்பில் பொருத்தும் ஆர்ம்ரெஸ்ட் விற்கிறார்கள், அல்லது முழுக்கைச் சட்டை போடுங்கள். முக்கியமாக, மங்கிய கோடுகளின்மேல் நீங்களே மார்க்கரை ஓட்டிப் புதுப்பித்துவிடாதீர்கள். அப்புறம் அது உங்கள் கையெழுத்து.