35 அங்குல டயருக்கு எந்தக் கியர்?

கேள்வி: டென்வரில் இருக்கிறேன். 2014 ஜீப் ராங்ளர் அன்லிமிடெட் சஹாரா வைத்திருக்கிறேன். 3.6 லிட்டர் பெட்ரோல், 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஆக்ஸில் விகிதம் 3.73. கம்பெனி கொடுத்த 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டதிலிருந்து மலை ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கடையில் 4.10 கியர் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 4.88 போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? மைலேஜ் அடிபடுமா?

பதில்: இரண்டு பேரும் உங்களை ஏமாற்றவில்லை. 4.10 சொன்னவர் டயரை மட்டும் பார்த்திருக்கிறார், 4.88 சொன்னவர் நீங்கள் ஓட்டும் ஊரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். என் ஓட்டு இரண்டாமவருக்கு.

ஆக்ஸில் விகிதம் என்பது, சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் பக்கமிருந்து விசை கொண்டுவரும் தண்டு (புரொப்பல்லர் ஷாஃப்ட்) எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்; எண் கூடினால் இழுவை கூடும். கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புது டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். 3.73 × 35 ÷ 32 = 4.08. கடையில் கிடைப்பதில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 4.10. அதைப் போட்டால் எஞ்சின் பழைய வேகத்தில் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் 35 அங்குல டயரில் உயரம் மட்டுமா கூடுகிறது? கனமும் கூடுகிறது. அந்தக் கனம் சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதால் சுழற்றுவது இன்னும் சிரமம். லிஃப்ட் கிட் போட்டு வண்டியைத் தூக்கியிருந்தால் காற்றின் தடையும் சேரும். இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அதனால் கணக்கு சொல்லும் எண்ணுக்கு ஒரு படி மேலே போவதுதான் வழக்கம். உங்களுக்கு அந்த ஒரு படி 4.56.

பிறகு ஏன் 4.88? டென்வரே 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். காகிதத்தில் உள்ள 285 குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கு சுரங்கத்தை எட்டுவதற்குள் காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு, இந்த எஞ்சினின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 4,800 ஆர்.பி.எம்.மில்தான் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) வருகிறது. குறைந்த சுற்றில் இழுக்கச் சொன்னால் திணறும், சுற்றவிட்டால் உற்சாகமாகிவிடும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை மைல் × ஆக்ஸில் விகிதம் × கியர்பாக்ஸ் விகிதம் × 336, இதை டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். உங்கள் வண்டியில் ஐந்தாவது கியர் 0.83. 65 மைல் வேகத்தில் பழைய டயரோடு எஞ்சின் சுமார் 2,110 சுற்றியது. இப்போது 1,930. 4.10 போட்டால் 2,120, 4.56 போட்டால் 2,360, 4.88 போட்டால் 2,530. சரி, இப்போது மலையில் என்ன நடக்கிறது? ஐந்தாவதில் இழுக்க முடியாமல் வண்டி நான்காவதுக்கு இறங்குகிறது. நான்காவது 1.00, அதில் 3.73-ஓடு சுற்று 2,330. அதாவது 4.56 போட்டால் ஐந்தாவதிலேயே கிடைக்கும் சுற்றுக்கு நீங்கள் இப்போதே ஒரு கியர் இறங்கிப் போகிறீர்கள். ஐந்தாவது கியர் சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது.

மைலேஜ் கவலைக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பெட்ரோலைக் குடிப்பது முதன்மையாக டயர்தான். கியரை மாற்றுவதால் பெரிதாகக் கெடாது. இன்னொன்று: டயர் மாற்றிய பின் கம்ப்யூட்டரில் அளவைத் திருத்தினீர்களா? திருத்தவில்லை என்றால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 65-க்கு மேல் போகிறீர்கள். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், மைலேஜ் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். கியர் மாற்றிய அன்றே டயர் அளவு, ஆக்ஸில் விகிதம் இரண்டையும் புரோகிராமர் கருவியால் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கண்ட இடத்தில் கியர் மாற்றும்.

நீங்கள் சமவெளியில் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவராக இருந்தால் 4.56 போதும் என்றிருப்பேன். 4.88-இல் ஒரு குறையும் உண்டு. எண் கூடக்கூட பினியன் (ஆக்ஸிலுக்குள் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) சின்னதாகி, பலம் குறையும்: 4.56-இல் 41 பல்லுக்கு 9 பல், 4.88-இல் 39-க்கு 8. சஹாராவின் முன்புறம் இருப்பது சிறிய டானா 30 ஆக்ஸில். முன் சக்கரம் பாறையில் மாட்டியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்துத் தள்ளுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வேலையைக் கொடுக்கும்போது முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஃபோர் வீல் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உடைக்கும். கூலி சாமானுக்கு நிகராக வரும், சமயத்தில் தாண்டவும் செய்யும். லாக்கர் (ஓர் ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சேர்த்துப் போடுங்கள், ஒரே கூலி. கிரவுன் பினியனைப் பொருத்துவதுதான் நுணுக்கமான வேலை. பல் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்குக்குள் நிற்க வேண்டும். பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பதியும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும், நுனியிலோ அடியிலோ அல்ல. அந்தத் தடத்தின் போட்டோவும், அளந்த எண்ணும் பில்லோடு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். முதல் ஓட்டத்தில் 15, 20 நிமிடம் ஓட்டி நன்றாக ஆறவிடுங்கள். 500 மைல் வரை எதையும் கட்டி இழுக்காதீர்கள், அப்புறம் ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ராங்ளர் ஒன்று பார்த்திருக்கிறேன். 35 அங்குல டயர். "4.56-க்கு மாற்றியாச்சு" என்கிறார் விற்பவர், பில் இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: டிஃபரென்ஷியல் (ஆக்ஸில் நடுவில் இந்தக் கியர்கள் இருக்கும் பகுதி) மூடியில் தொங்கும், விகிதம் எழுதிய தகட்டை நம்பாதீர்கள். கியரை மாற்றியவர்கள் பழைய தகட்டையே திரும்ப மாட்டிவிடுவது சகஜம். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும்; புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று ஒருவர் எண்ண வேண்டும். நாலரைக்குக் கொஞ்சம் மேலே வந்தால் அவர் சொன்னது உண்மை. மூன்றே முக்கால் வந்தால் 3.73 இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முன்பக்கமும் இதையே செய்யுங்கள், பின்பக்கம் மட்டும் மாற்றிய வண்டிகளும் சந்தைக்கு வரும். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம். மிதிக்கும்போதோ, காலை எடுத்ததும் தானாக ஓடும்போதோ ஊளையிடும் சத்தம் கேட்டால் பொருத்தியதில் கோளாறு. அந்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

கேள்வி: என்னுடையது 4.10 உள்ள ராங்ளர் ரூபிகான். 33 அங்குலம் போட்டால் கியர் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயராக வாங்குங்கள்.

கேள்வி: புது வண்டி. கியர் மாற்றினால் வாரண்டி முழுக்கப் போய்விடும் என்கிறார் டீலர். உண்மையா?

பதில்: முழுக்கப் போகாது. அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளிச் சாமான் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தச் சாமான்தான் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். ஏசி கெட்டதற்கும் ஆக்ஸில் கியருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆக்ஸிலுக்குள் எது போனாலும், அநேகமாக டிரான்ஸ்ஃபர் கேஸ் போனாலும், உங்கள் கியரைத்தான் கை காட்டுவார்கள், அந்தச் சண்டையில் ஜெயிப்பது கடினம். பொருத்தும் கடை தன் வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் தருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.