வெனீர் ஒட்டும்போது வலிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. தருமபுரிப் பக்கத்துக் கிராமம். சிறு வயதிலிருந்து ஃபுளோரைடு தண்ணீர் குடித்து முன்பற்கள் பழுப்பேறிவிட்டன. மேல்வரிசையில் ஆறு பற்களுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) ஒட்டலாம் என்கிறார் டாக்டர். ஊசி என்றாலே எனக்குக் கைகால் நடுங்கும். பல்லைத் தேய்ப்பார்களாமே, வலி தாங்க முடியுமா?

பதில்: ஊசிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எவ்வளவு தேய்ப்பீர்கள்? வலியைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான். பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பு கிடையாது. அதற்குள்ளாகவே அரை மில்லிமீட்டர் போலத் தேய்த்து நிறுத்தினால் சிலருக்கு ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. அதைத் தாண்டி அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கைத் தொட்டால் கதை வேறு. டென்டின் முழுவதும் திரவம் நிறைந்த நுண்குழாய்கள். காற்றோ குளிர்ந்த நீரோ பட்டதும் அந்தத் திரவம் அசைந்து உள்ளிருக்கும் நரம்பைச் சீண்டும், சுளீரென்று கூசும். எனாமலைப் பிடிப்பதுபோல் வெனீர் டென்டினை உறுதியாகப் பிடிக்காது என்பது இன்னொரு நஷ்டம். பல்லைச் சுற்றிலும் முளைக்குச்சிபோலச் சீவிவிட்டு 'வெனீர்' என்று சொன்னால் நம்பாதீர்கள், அது பல்லை முழுவதும் மூடும் கேப்.

உங்கள் கறை மேலோட்டமானது என்றால் மைக்ரோ அப்ரேஷன் (கறையுள்ள மேற்பரப்பை மிக லேசாகத் தேய்த்தெடுப்பது), பிளீச்சிங் (வெளுக்கவைப்பது) போன்றவற்றிலேயே மங்கிவிட வாய்ப்புண்டு. அதை விசாரிக்காமல் ஆறு பற்களைத் தேய்க்கக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி ஊசி. மேல் முன்பற்களுக்கு உதடும் ஈறும் சேரும் மடிப்பில்தான் போடுவார்கள். அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால் முனை இறங்குவது அவ்வளவாகத் தெரியாது. எச்சில் ஈரத்தின் மேலேயே தடவி உடனே குத்தினால் ஜெல் தடவியும் பயனில்லை. குத்துவதைவிட, மருந்தை வேகமாக உள்ளே தள்ளுவதுதான் அதிகம் வலிக்கும். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது நிதானமான வேகம். "மெதுவாகப் போடுங்கள் டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மருந்தோடு கலந்த அட்ரினலினால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். அதையும் பயம் என்று எண்ணி இன்னும் பயந்துபோகிறவர்கள் உண்டு. இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். இடக்கையைத் தூக்கினால் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தொந்தரவு அதற்குப் பிறகுதான். லேபிலிருந்து வெனீர் வரும்வரை ஒன்றிரண்டு வாரம் தற்காலிக வெனீரோடு இருக்க வேண்டும். ஜில்லென்ற மோரும் கொதிக்கும் காபியும் அப்போது வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். இரவில் துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது கிராம்பு எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். ஈறு வெந்துவிடும், அதிலுள்ள யூஜெனால் வெனீரை ஒட்டும் ரெசின் பசை இறுகுவதையும் கெடுக்கும்.

ஒட்டும் நாளில் பல்லில் ஆசிட் ஜெல் வைத்து, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். தேய்த்த பல்லுக்கு அது கூசும், அதனால் அன்றும் ஊசி தேவைப்படலாம். ஆனால் ஊசி போட்ட உதடு தொங்கிச் சிரிப்புக் கோணலாகத் தெரியும். ஆகவே முதலில் வெனீரைப் பொருத்தி, கண்ணாடியில் சிரித்துப் பார்த்து, நிறமும் நீளமும் திருப்தி என்ற பிறகு ஊசி கேளுங்கள்.

மரப்பு விலகுவதற்குள் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஐபுப்ரோஃபென் எடுப்பதானால் சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஈறு எரிச்சல் இரண்டு மூன்று நாளில் அடங்கும், வெதுவெதுப்பான உப்புநீரே போதும். கூச்சம் சில வாரங்களில் படிப்படியாகக் குறைய வேண்டும்.

கடிக்கும்போது மட்டும் ஒரு பல் வலித்தால் அது சற்று உயரமாக இருக்கலாம். லேசாகத் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் சூடானது பட்டு, அதை விழுங்கிய பிறகும் வலி நீடித்தாலோ, இரவில் விண்விண்ணென்று தெறித்து எழுப்பினாலோ, ஈறு வீங்கினாலோ மாத்திரையில் நாள் கடத்தாதீர்கள். உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.