சூனியக்காரிகள் என்று எரித்தபோது ஒருவருமே வாய் திறக்கவில்லையா?

மத்திய கால ஐரோப்பாவில் பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்களே, படித்தவர்கள் ஒருவர்கூடவா தடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ காணொளி பார்த்துவிட்டு மனம் கொதித்துக் கேட்கிறீர்கள் போல. நான் சரித்திரம் படித்தவள் இல்லை. ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

எரிப்பு உச்சத்தில் இருந்தது மத்திய காலம் முடிந்த பிறகு, சுமார் 1560 முதல் 1630 வரை. கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் கணக்கு. 90 லட்சம் என்று சுற்றுவது 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் ஒற்றை ஊரின் கணக்கை வைத்துப் பெருக்கிப் போட்டது. கொடுமையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உண்மையான கணக்கே நெஞ்சு பதறப் போதும்.

வாய் திறந்தவர்களும் இருந்தார்கள். பாம்பெர்க் நகரில் கேயோர்க் ஹான் என்ற பெரிய அதிகாரி இந்த விசாரணைகளில் கடுமை காட்டவில்லை. 1628இல் அவரையும் அவருடைய மனைவி, மகளையும் அதே குற்றம் சொல்லிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்து, "சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு உன்னோடு வேறு யார் யார் வந்தது?" என்று கேட்பார்கள். வலி தாங்காமல் யாராவது ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படி இருக்க, யார் துணிந்து கதைப்பார்கள்?

ஆனால் ஒரு மகன் கதைத்தான். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த கெப்ளர்தான் அந்த மகன். அவருடைய தாய் கத்தரீனா வாழ்ந்த லியோன்பெர்க் எனக்குக் கிட்டத்தான். எழுதப் படிக்கத் தெரியாத, வாய்த்துடுக்கான கிழவி. அவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் தனக்கு நோய் வந்தது என்று 1615இல் உர்சுலா ரைன்போல்ட் என்ற பெண் கிளப்பினார். உடனே ஊரே பழைய கதைகளைத் தோண்டத் தொடங்கியது. எப்போதோ ஒருவருக்குக் கால் வலித்தது, எவருடையதோ மாடு செத்தது, எல்லாம் அவர் கணக்கில் ஏறின.

இதை வாசித்தபோது என் உடம்பு நடுங்கியது. எங்கள் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்கு விழுங்குவதில் சிரமம். தண்ணீர் மாதிரி எதையும் கொடுத்தால் புரையேறும். அதனால் கோப்பியில் தடிப்பாக்கும் மாவைக் கலந்து, கரண்டியில் நிற்கிற பதம் வரும்வரை கிண்டித்தான் கொடுப்போம். மறதி நோய் உள்ளவர். "அந்தக் கறுப்பி என் கோப்பியில் தூள் போடுகிறாள்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். மகள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அந்த மூதாட்டியில் எனக்குத் துளி கோபமும் இல்லை. என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களைத்தான் மறக்க முடியவில்லை. "அவள் தன் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள்" என்று ஒருத்தி. நான் பாடுவது தேவாரம். "ஒருநாள் வீட்டிலிருந்து ஏதோ பலகாரம் கொண்டுவந்தாளே" என்று இன்னொருத்தி. விசாரணை முடியும்வரை என்னை வேறு மாடிக்கு மாற்றினார்கள்.

இரவு வேலை செய்யும் தாதி ஒருவர்தான் பராமரிப்புப் பதிவேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். மாவு கலக்கச் சொன்ன உத்தரவு, திகதி, கையொப்பம், எல்லாம் அதில் இருந்தன. கெப்ளர் செய்ததும் இதைத்தான். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார், சாட்சிகளை ஒவ்வொருவராக எடுத்து மறுத்தார், நோய்களுக்கு இயற்கையான காரணங்களைக் காட்டினார். கைதியானவர் "துரதிர்ஷ்டவசமாக" மகனின் துணையோடு வந்திருக்கிறார் என்று எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். அந்தத் துணை அவர்களுக்கு அவ்வளவு இடைஞ்சல்! சங்கிலியில் கிடந்த தாயிடம் 1621 செப்டம்பரில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். என் நரம்புகளை ஒவ்வொன்றாக உருவினாலும் ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை என்றார் அந்த எழுபது தாண்டிய கிழவி.

என்னை அவரோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு யாரும் சங்கிலி போடவில்லை. ஆனால் இந்த வேலையைக் கேவலமாகப் பேசும் எங்கள் ஆக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொண்டாட்டங்களில் என்னைக் கண்டால் "இன்னும் கிழடுகளைக் கழுவுகிற வேலைதானா?" என்கிறீர்கள். உங்கள் தாய் தகப்பனையும் நாளை எங்களைப் போன்றவர்கள்தான் தூக்கி இருத்தப் போகிறார்கள்.

கத்தரீனா விடுதலையானார். ஆனால் ஊருக்குத் திரும்பினால் கொல்வோம் என்றார்கள், 1622 ஏப்ரலில் இறந்துபோனார். என் மேலும் குற்றம் இல்லை என்று முடிந்தது. முறைப்பாட்டுக் கடிதம் மட்டும் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறேன், நிர்வாகம் பதில் தரவில்லை.