ஓசூர் வீட்டு வாடகை லோன் தவணையைக் கட்டிவிடுமா?

தம்பி, பென்னாகரத்திலிருந்து சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, ஓசூரில் 50 லட்சத்துக்கு லோனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாது. நானும் தருமபுரிக்காரன்தான். இதே கணக்கைப் போட்டு 2013-ல் ஓசூரில் வீடு வாங்கியவன்.

வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம்தான் தரும். மீதி 10 லட்சம் உங்கள் காசு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஒரு 4.5 லட்சம். 8.5 சதவீத வட்டிக்கு 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 15,000 வருவதாக வைத்துக்கொண்டாலும் மாதாமாதம் கிட்டத்தட்ட 20,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு காலியாகக் கிடந்தால் முழுத் தவணையும் உங்கள் தலையில்தான். போர்வெல் வற்றி, லாரித் தண்ணீருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் குடியிருந்தவர்கள் காலி செய்ததில் என் வீடு ஐந்து மாதம் பூட்டியே கிடந்தது.

வாடகையில் வீட்டு வரி போக 30 சதவீதம் கழிவு உண்டு, லோன் வட்டியும் கழியும். முதல் சில வருஷம் வட்டியே வாடகையைவிட அதிகம் என்பதால் அதற்கு வருமான வரி வராது. ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 15,000-ல் 4,680 போய்விடும். ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்? நீங்கள்தான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். சிங்கப்பூரில் நிரந்தரவாசியான பிறகு 2019-ல் இங்கே மறுவிற்பனை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினேன். அப்போதிருந்த விதிப்படி, அப்படி வாங்கினால், வெளிநாட்டில் நம் பெயரில் உள்ள வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டியிருந்தது. அவசரமாக விற்கிறோம் என்று தெரிந்ததும் வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்காதவரை, லாபத்துக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும் வரி பிடிப்பார்கள். எனக்கு அது தெரியாது. அந்தப் பணம் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வீட்டில் பால் காய்ச்சியது அம்மா. விற்றுவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அப்புறம், அப்பா காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வாங்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் வாழும் நாம் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அப்பா தன் பெயரில் வாங்கி, பிறகு வாரிசாக உங்களுக்கு வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

அதனால் முதலில் வீட்டில் பேசி, இங்கேயே தங்கப்போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். தங்குவதென்றால் ஓசூர் வீடு வேண்டாம். வீவக வீடு வாங்கிய பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஊரில் வீடு வாங்கக் கூடாது. சில வருஷத்தில் திரும்புவதுதான் திட்டம் என்றால், பாதி விலையாவது கையில் சேரட்டும். பொங்கலுக்குப் போகும்போது மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி பக்கம் குடியிருப்பவர்களிடமே வாடகை எவ்வளவு, கோடையில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடலாம்.