ரயில் வந்தது, விகிதம் வரவில்லையே!

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை கணக்கு எடுக்கிறேன். எந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பையும் விட்டதில்லை. போன மாதம் விகிதப் பாடத்துக்கு அட்டையில் மலை ரயில் செய்து எடுத்துப்போனேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மறுநாள் கணக்குக் கொடுத்தால் பாதிப் பேருக்கு வரவில்லை. இனி எந்தப் பயிற்சிக்குப் போவது?

பதில்: பயிற்சி இருக்கட்டும் டீச்சர், அந்த மறுநாள் நோட்டுகளை முதலில் எடுங்கள். தப்பாகப் போட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தப்புப் போட்டிருக்கிறார்களா? பெருக்க வேண்டிய இடத்தில் கழித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். விகிதத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் அதுதான். அட்டை ரயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சறுக்கலைத் தொடாது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒரு படிக்கட்டு 6 அடி தள்ளிப் போவதற்குள் 4 அடி ஏறுகிறது. இன்னொன்று 9 அடிக்குள் 6 அடி. எது செங்குத்து? “ரெண்டாவதுதான், 6 அடி ஏறுதே” என்பான் ஒருவன். “முதல்ல வித்தியாசம் 2, அதுல 3, அதனால முதலாவதுதான்” என்பாள் இன்னொருத்தி. இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். கட்டம் போட்ட தாளில் இரண்டையும் ஒரே மூலையிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஒரு கோடு இன்னொன்றின் மேலேயே போகும். அப்போது எழும் சலசலப்புதான் பாடம்.

ரயிலை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள். நம் நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை அதிகபட்ச ஏற்றம் 12.28-க்கு 1. அதாவது 6 அடி போனால் அரை அடிகூட ஏறாது. நம் படிக்கட்டோ அதே 6 அடியில் 4 அடி ஏறுகிறது! “இந்த ஏற்றத்துக்கா தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் போட்டார்கள்?” என்று பிள்ளைகளே கேட்பார்கள். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்பதை அறிவியல் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

இனி உங்கள் கேள்வி. ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். நான்கைந்து பேர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது டீச்சரை அல்ல, பிள்ளைகளை. யார் எங்கே நின்றுபோனார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி, அன்றே உட்கார்ந்து பேசி, திருத்தி, சில சமயம் வேறொரு வகுப்பில் மறுபடி நடத்துவார்கள். நமக்கு ஐந்து பேர் வேண்டாம், பக்கத்துப் பள்ளியில் ஒருவர் கிடைத்தால் போதும். மலைப் பள்ளியில் வகுப்புக்கு ஒரே பிரிவுதான் இருக்கும் என்பதால் திருத்திய பாடத்தை அவர் பள்ளியில் நடத்துங்கள். தலைமையாசிரியரிடம் மாதத்தில் அரை நாள் கேளுங்கள். வந்தவர் கையில் டீச்சருக்கு மதிப்பெண் போடும் தாள் இருக்கவே கூடாது. இருந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு அந்த நோட்டுகளில் நாலைந்தைப் பெயரை மறைத்து எடுத்துப்போங்கள். வெளிப் பயிற்சி என்றால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: அங்கே பிள்ளைகளின் தப்பு விடைகளை மேசையில் வைத்துப் பேசுவார்களா? உபகரணம் செய்வது மட்டும்தான் என்றால் உங்களுக்கு வேண்டாம், அது உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. சென்னையில் 1965 முதல் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இருக்கிறது. பக்கத்தில் துணை கிடைக்காதவர்கள் அதில் சேரலாம்.

மழையில் பஸ் நின்றுபோகும் மாதங்களில் உங்கள் வகுப்பை போனில் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தனியாகக் கேளுங்கள். கேள்வி கேட்டபின் நீங்களே பதில் சொல்வதற்குள் எத்தனை விநாடி பொறுத்தீர்கள் என்று எண்ணுங்கள். நான் முதல்முறை எண்ணியபோது இரண்டைத் தாண்டவில்லை.